பதின்மூன்று வயதில் ஒரு முடிவு: பலெர்மோ தமிழ்க் குடும்பங்களும் மேல்நிலைப் பள்ளியும்

இத்தாலியில் ஒரு பிள்ளையின் படிப்பு எந்தத் திசையில் போகும் என்பது பெரும்பாலும் ஒரு ஜனவரி மாதத்தில் முடிவாகிவிடுகிறது. 'மெதியா' எனப்படும் மூன்றாண்டு நடுநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பில் இருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்காகப் பெற்றோர் கல்வி அமைச்சின் இணையதளத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். அடுத்த ஐந்தாண்டுகள் எந்த வகைப் பள்ளி, அதில் எந்தப் பிரிவு என்று அதில் குறிப்பிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் சாதாரண தரம் எழுதி, பெறுபேறு பார்த்து, பதினாறு வயதில் உயிரியலா கணிதமா வர்த்தகமா என்று யோசித்தவர்கள் இந்தப் பெற்றோர். அதே கேள்வி தங்கள் பிள்ளைக்கு மூன்று ஆண்டு முந்தியே, தாங்கள் பள்ளியில் படிக்காத ஒரு மொழியில் வந்து நிற்கும்போது அவர்கள் தடுமாறுகிறார்கள். "அண்ணை, மெதியா முடியப் போகுது, பெடியனை இனி எங்கை போடுறது?" என்ற கேள்வி மார்கழி வந்தால் பல்லரோ சந்தைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் கேட்கும். அதற்குக் கிடைக்கும் மறுமொழிகளில் ஒன்று, "இங்கிலீஷ் ஸ்கூல் ஏதும் இருக்கோ பாருங்கோ" என்பது.

பல்லரோ சந்தை அல்பெர்கேரியாவின் முதுகெலும்பு. பலெர்மோ பழைய நகரின் நான்கு கூறுகளில் ஒன்று அல்பெர்கேரியா. ஒரு முனையில் நோர்மன் அரண்மனை, மறு முனையில் மக்கேதா வீதி. 1943இன் குண்டுவீச்சில் இடிந்த வீடுகள் பல பத்தாண்டுகளாக இடிந்தபடியே கிடந்தன. வசதி வந்த பலெர்மோக்காரர்கள் புதிய புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போய்விட, 1980களிலிருந்து அந்தக் காலி வீடுகளில் மலிவு வாடகைக்குக் குடியேறியவர்கள் துனிசியர், மொரிசியர், கானாக்காரர், வங்காளதேசத்தவர், ஈழத் தமிழர். 1983 கலவரத்துக்குப் பின் வெளியேறிய தமிழர்களில் ஒரு பகுதியினர் சிசிலிக்கு வந்து சேர்ந்தனர். 1990இன் மார்த்தெல்லிச் சட்டமும் அதற்குப் பின் வந்த பொதுமன்னிப்புகளும் அவர்களுக்கு வதிவிடப் பத்திரம் கொடுத்தன. பலெர்மோவின் நடுத்தர, மேல்தட்டு வீடுகளில் சமைத்தும் துடைத்தும் முதியோரைப் பார்த்தும் அவர்கள் காலூன்றினார்கள். இத்தாலியில் இலங்கையர் என்றால் மற்ற நகரங்களில் பெரும்பாலும் சிங்களவர். பலெர்மோ மட்டும் தமிழரின் ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் போனால் கத்தோலிக்கத் தமிழரையும் சைவத் தமிழரையும் சேர்த்தே பார்க்கலாம்.

இவர்களுக்குச் சர்வதேசப் பள்ளி தேவையா என்று கேட்பதற்கு முன், அந்தப் பள்ளி யாருக்காக உண்டானது என்று பார்க்க வேண்டும். ஜெனீவா சர்வதேசப் பள்ளி 1924இல் தொடங்கியது சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அலுவலகத்திலும் பணியாற்ற வந்தவர்களின் பிள்ளைகளுக்காக. அதற்கும் முன்னால், 1901இல் கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்கள். இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதுதான், இந்தியாவில் சர்வதேச பக்கலோரியா எனும் ஐ.பி. பாடத்திட்டத்தை முதலில் கொண்டுவந்ததும் அதுவே, 1976இல். ஐ.பி. அமைப்பே 1968இல் ஜெனீவாவில் உருவானது. ஒரு நாட்டில் மூன்று ஆண்டு, அடுத்த நாட்டில் நான்கு ஆண்டு என்று மாறிக்கொண்டே இருக்கும் தூதரக, நிறுவன உத்தியோகத்தரின் பிள்ளை எங்கே போனாலும் விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர வேண்டும். அதற்கான ஏற்பாடு இது. கட்டணத்தைப் பெரும்பாலும் வேலை கொடுத்த நிறுவனம் செலுத்திவிடும். தங்கும் நாட்டின் மொழியைப் பிள்ளை ஆழமாகக் கற்க வேண்டிய தேவையும் இல்லை. தங்கப் போவதில்லையே.

வளைகுடா நாடுகளின் கதை வேறு. அங்கே எத்தனை ஆண்டு உழைத்தாலும் குடியுரிமை எட்டாக்கனி. பிள்ளை கடைசியில் சென்னைக்கோ திருச்சிக்கோ திரும்பித்தான் கல்லூரி சேர வேண்டும். ஆகவே துபாயிலும் மஸ்கட்டிலும் இந்தியாவின் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டப் பள்ளி நடப்பதில் முழு நியாயம் உண்டு. ஊர் திரும்பும் வழியை அது திறந்து வைக்கிறது.

அல்பெர்கேரியாத் தமிழ்க் குடும்பம் இந்த இரண்டு வகையிலும் அடங்காது. அது இடம் மாறும் உத்தியோகக் குடும்பம் அல்ல. ஊர் திரும்புவதற்காகச் சேர்த்து வைக்கும் குடும்பமும் அல்ல, வாயால் என்னதான் சொன்னாலும். பிள்ளை பலெர்மோவில் பிறந்து, இத்தாலிய மழலையர் பள்ளியில் பேசப் பழகி, தெருவில் சிசிலிய மொழியில் சண்டை போட்டு வளர்ந்தது. இப்படிப்பட்ட பிள்ளையைப் பதினான்கு வயதில் ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றினால், அது நன்றாகக் கற்ற ஒரே கல்விமொழியை விட்டு இன்னொன்றில் முதலிலிருந்து தொடங்க நேரிடும். அந்த மாற்றத்துக்கு ஆண்டுக்குப் பல்லாயிரம் யூரோவும் கொடுக்க வேண்டும்.

பலெர்மோவில் ஐ.பி. படிக்க வழி இருக்கிறது. இயேசு சபையின் கொன்சாகா நிறுவனத்தின் வளாகத்தில் சர்வதேசப் பள்ளி நடக்கிறது. சென்னை லொயோலாவை நடத்தும் அதே சபைதான். உலகப் புகழ் பெற்ற அதன் கல்லூரிகளில் முதலாவது பிறந்ததும் சிசிலியில், 1548இல் மெசினாவில். அவர்களுடைய பழைய தலைமைக் கோயிலான காஸா ப்ரொஃபெஸ்ஸா அல்பெர்கேரியாவின் நடுவில் நிற்கிறது. பள்ளியோ நகரின் வசதியான வடபுறத்தில். ஐ.பி. பட்டயத்தை இத்தாலியப் பள்ளி இறுதிச் சான்றுக்கு நிகராக 1986ஆம் ஆண்டின் 738ஆம் சட்டம் ஏற்கிறது. எனவே தகுதி பற்றிய அச்சம் வேண்டாம். நல்ல படிப்புத்தான். ஆனால் வீட்டு வேலையிலும் உணவகச் சமையலறையிலும் வரும் வருமானத்தில் அந்தக் கட்டணத்தை ஐந்து ஆண்டுக்கும் தாங்க முடியுமா என்பதே கேள்வி. இரண்டாவது ஆண்டில் வேலை போய்ப் பிள்ளையை நடுவில் எடுக்க நேர்ந்தால், அரசுப் பள்ளியில் இடைப்பாடத் தேர்வுகள் எழுதி ஏற வேண்டியிருக்கும். பாதியில் நிறுத்தினால் போட்ட பணத்தோடு பிள்ளையின் ஓர் ஆண்டும் போகலாம்.

ஐ.பி. உரிமமும் கேம்பிரிட்ஜ் அங்கீகாரமும் இல்லாமலே 'இன்டர்நேஷனல்' என்று பலகை மாட்டும் பள்ளிகள் உலகெங்கும் உண்டு. அல்பெர்கேரியாவின் சந்தொன்றில் 1743இல் பிறந்த ஜூசெப்பே பால்ஸமோ, கலியோஸ்த்ரோ பிரபு என்ற பெயரில் ஐரோப்பிய அரசவைகளையே ஏமாற்றிய பேர்வழி. அவன் பிறந்த தெருவில் குடியிருப்பவர்களுக்குப் பலகையை நம்பாதே என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ஐ.பி.யானால் ஐ.பி. அமைப்பின் பட்டியலில் பள்ளியின் பெயர் இருக்கிறதா, எந்த நிலை வகுப்புகளுக்கு உரிமம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். தொடக்க வகுப்புக்கு உரிமம் வாங்கிய பள்ளி மேல்நிலைக்கும் வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை.

சரி, எதிர்ப்பக்கத்தில் இருப்பது என்ன?

இத்தாலியில் தொடக்கப்பள்ளி ஐந்து ஆண்டு, நடுநிலை மூன்று, மேல்நிலை ஐந்து. பதினாறு வயதுவரை படிப்பு கட்டாயம். மேல்நிலை மூன்று வகை. லிச்செயோ என்பது பல்கலைக்கழகத்தை நோக்கிய பொதுக்கல்வி. செம்மொழி, அறிவியல், மொழிகள், மனித அறிவியல், கலை, இசை என்று அதற்குள் பிரிவுகள் உண்டு. இஸ்தித்தூத்தோ தெக்னிக்கோ என்பது கணக்கியல், மின்னணு, கணினி, கட்டடம் போன்ற தொழில்நுட்பக் கல்வி. மூன்றாவது இஸ்தித்தூத்தோ ப்ரொஃபெஸ்ஸியொனாலே, சமையல், விடுதி, பராமரிப்பு போன்ற தொழில்கள். மூன்றும் வழக்கமாக ஐந்தாண்டுதான், மூன்றின் முடிவிலும் ஒரே அரசுத் தேர்வு, மத்தூரித்தா. இவை தவிர மாகாண அரசு ஏற்பாட்டில் மூன்று, நான்கு ஆண்டுத் தொழிற்பயிற்சியும் உண்டு. அதை முடித்தவுடன் பல்கலைக்கழகம் போக முடியாது, ஐந்தாவது ஆண்டும் மத்தூரித்தாவும் வேண்டும். இந்த வேறுபாட்டைத் தெரியாமல் 'கெதியா வேலை கிடைக்கும்' என்று சேர்த்துவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்கள் உண்டு.

பலருக்குத் தெரியாத இன்னொரு செய்தியும் இருக்கிறது. எந்த வகை ஐந்தாண்டுப் பள்ளியில் படித்தாலும் எந்தப் பல்கலைக்கழகத் துறைக்கும் விண்ணப்பிக்கலாம். 1969ஆம் ஆண்டின் 910ஆம் சட்டம் அந்த உரிமையைத் தந்தது. அதற்கு முன்பு லிச்செயோ கிளாசிக்கோவில் படிக்காதவருக்குப் பல துறைகளின் வாசல் பூட்டியிருந்தது. இன்று சமையற்பள்ளியில் படித்த பிள்ளையும் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கச் சட்டம் தடையில்லை. ஆனால் நடைமுறையை மறைக்கக் கூடாது. 2025 முதல் மருத்துவத்தில் நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக வேதியியல், இயற்பியல், உயிரியல் பாடங்களில் வடிகட்டும் அரையாண்டு ஒன்று வந்திருக்கிறது. அந்தப் பாடங்களை ஐந்தாண்டு ஆழமாகப் படித்த பிள்ளைக்கும் மேலோட்டமாகப் பார்த்த பிள்ளைக்கும் அங்கே இடைவெளி பெரிது. தமிழ்ப் பெற்றோர் வாயிலிருந்து மருத்துவம் என்ற சொல் இறங்காதவரை இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்தாக வேண்டும்.

நாட்டின் பொதுப்போக்கு லிச்செயோவை நோக்கி இருக்கிறது. 2024-25 கல்வியாண்டுக்கான முதலாண்டுச் சேர்க்கையில் ஏறத்தாழ 55.6 விழுக்காட்டினர் லிச்செயோவையும் 31.7 விழுக்காட்டினர் தொழில்நுட்பப் பள்ளியையும் 12.7 விழுக்காட்டினர் தொழிற்பள்ளியையும் எடுத்தார்கள். இத்தாலியப் பள்ளிகளில் வெளிநாட்டுக் குடியுரிமையுள்ள மாணவர் ஒன்பது லட்சத்துக்கும் மேல், பத்தில் ஒருவருக்கும் அதிகம். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இத்தாலியிலேயே பிறந்தவர்கள். ஆனால் அவர்களில் லிச்செயோ போவோரின் பங்கு இத்தாலியப் பிள்ளைகளைவிடக் கணிசமாகக் குறைவு. தொழிற்பள்ளி போவோரின் பங்கு அதிகம்.

இது பிள்ளைகளின் திறமையால் வந்த வேறுபாடா? மிக்கேலா கர்லானா, எலியானா லா ஃபெர்ராரா, பவோலோ பினோத்தி என்ற மூன்று பொருளியலாளர்கள் மிலான், தூரின், ஜெனோவா, பதோவா, பிரேஷியா நகரங்களில் ஒரு பெரிய பரிசோதனை நடத்தி 2022இல் எக்கனோமெட்ரிக்கா இதழில் வெளியிட்டார்கள். ஒரே அளவு மதிப்பெண் பெற்ற இத்தாலியப் பிள்ளையையும் குடியேறியவர் பிள்ளையையும் ஒப்பிட்டபோது, குடியேறியவர் வீட்டு ஆண்பிள்ளைகள் தங்கள் திறமைக்குக் குறைந்த பள்ளியைத் தேர்வது தெளிவாகத் தெரிந்தது. பெண்பிள்ளைகளிடம் அந்த இடைவெளி அவ்வளவாக இல்லை. நன்றாகப் படிக்கும் குடியேறியவர் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு நடுநிலைப் பள்ளியின் கடைசி இரு ஆண்டுகளில் வழிகாட்டுதலும் பாட உதவியும் கொடுத்தார்கள். அந்த ஆண்பிள்ளைகளின் தேர்வு, சமமான மதிப்பெண் பெற்ற இத்தாலியப் பிள்ளைகளின் தேர்வை எட்டியது. கடினமான பள்ளிக்குப் போனதால் அவர்கள் பிறகு பின்தங்கவும் இல்லை. ஆசிரியர்கள் அவர்களுக்குக் கொடுத்த பரிந்துரையும் மேலே ஏறியது.

அந்தப் பரிந்துரைதான் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. நடுநிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில், சேர்க்கை தொடங்கும் முன், வகுப்பாசிரியர்கள் கூடி ஒவ்வொரு பிள்ளைக்கும் 'கொன்சீலியோ ஒரியென்தாத்தீவோ' என்ற ஆலோசனைத் தாள் எழுதுவார்கள். இந்தப் பிள்ளைக்கு லிச்செயோ ஏற்றது, இந்தப் பிள்ளைக்குத் தொழிற்பள்ளி ஏற்றது என்று அதில் இருக்கும். சட்டப்படி அது வெறும் ஆலோசனை, கட்டுப்படுத்தாது. ஆனால் நம் பெற்றோருக்கு ஆசிரியர் எழுதியது வேதவாக்கு. பரீட்சை முடிவைப்போல் அதை வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே செய்துவிடுவார்கள். இத்தாலிய வீட்டுத் தாயோ அதே தாளைப் பார்த்துவிட்டு ஆசிரியரிடம் போய் வாதாடுவாள், அல்லது மடித்துப் பையில் போட்டுவிட்டுத் தன் விருப்பப்படி விண்ணப்பிப்பாள். பரிந்துரை ஒன்றுதான். அதை வாசிக்கும் விதத்தில்தான் இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கை பிரிகிறது.

ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. கர்லானா, லா ஃபெர்ராரா, பினோத்தி மூவரும் அல்பெர்தோ அலெஸினாவுடன் சேர்ந்து செய்த மற்றோர் ஆய்வில், குடியேறியவர் பற்றி ஆசிரியர்களின் மனத்தில் அறியாமல் படிந்திருந்த சாய்வை அளந்து அவர்களுக்கே காட்டியபோது, குடியேறியவர் பிள்ளைகளுக்கு அந்த ஆசிரியர்கள் மதிப்பெண் கூட்டிப் போட்டார்கள். தெரிந்தால் திருத்திக்கொள்கிறார்கள் என்று பொருள். ஆகவே ஆசிரியரைச் சந்தித்துப் பேசுவதில் பயன் உண்டு. "என்ரை மகனுக்கு கணிதத்தில் எட்டு, விஞ்ஞானத்தில் எட்டு, ஏன் லிச்செயோ எழுதவில்லை?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. இத்தாலியம் சரளமாக வராதென்றால் மூத்த பிள்ளையையோ தமிழ்ச் சங்கத்து இளைஞர் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போகலாம். அந்த இளைய பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். தனக்குச் சாதகமில்லாததை எந்தப் பிள்ளையும் முழுதாக மொழிபெயர்க்காது.

அல்பெர்கேரியாவின் நல்வாய்ப்பு, நல்ல அரசுப் பள்ளிகள் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது. பென்ஃப்ராத்தெல்லி தெருவில் பெனெதெத்தோ குரோச்சே அறிவியல் லிச்செயோ. பழைய கஸ்ஸாரோ வீதியை ஒட்டி, சால்வத்தோரே கோயிலருகே, ரெஜீனா மார்கெரீத்தா. ஒரு காலத்தில் ஆசிரியப் பயிற்சிக்கூடம், இன்று மனித அறிவியல், மொழி, இசைப் பிரிவுகள் கொண்ட மிகப் பெரிய லிச்செயோ. பேராலயத்துக்குப் பக்கத்தில் இரண்டாம் வித்தோரியோ எமனுவேலே செம்மொழி லிச்செயோ. போர்த்தா நுவோவா வாயிலுக்கு அருகில் மரியா அதெலாயிதே அரசு நிறுவனம். அங்கே ஐரோப்பியச் செம்மொழி லிச்செயோ என்ற பிரிவு உண்டு. அதில் சில பாடங்களை வேற்றுமொழியிலும் நடத்துவார்கள். சர்வதேசக் கல்வி என்று தேடுகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் இது. மொழி லிச்செயோ பிரிவுகளுள்ள பள்ளிகள் சிலவற்றில் எஸபாக் திட்டமும் இருக்கிறது. 2009இல் இத்தாலியும் பிரான்சும் செய்த உடன்படிக்கையின்படி ஒரே படிப்பில் இத்தாலிய மத்தூரித்தாவும் பிரெஞ்சு பக்கலோரேயாவும் கிடைக்கும். பாரிஸில் பாதிச் சொந்தம் இருக்கும் ஈழத் தமிழ்க் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெறுமதியான சான்று என்று யோசித்துப் பாருங்கள். கட்டணப் பள்ளி தருவதாகச் சொல்லும் 'இரண்டு நாட்டு அங்கீகாரத்தை' அரசுப் பள்ளி ஏறத்தாழ இலவசமாகத் தருகிறது.

ஏறத்தாழ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அரசு மேல்நிலைப் பள்ளியில் கற்பிப்புக் கட்டணம் இல்லை. கடைசி இரு ஆண்டுகளில் சிறு அரசு வரி, அதற்கும் குறைந்த வருமானத்தாருக்கு விலக்கு. பள்ளிகள் கேட்கும் 'தன்னார்வப் பங்களிப்பு' உண்மையிலேயே தன்னார்வம்தான், கட்டாவிட்டாலும் சேர்க்கையை மறுக்க முடியாது. பாடநூல்கள்தாம் பெருஞ்செலவு. தொடக்கப்பள்ளியில் இலவசமாக வந்த நூல்கள் மேல்நிலையில் காசுக்கு வாங்க வேண்டும், செம்மொழி லிச்செயோவில் கிரேக்க, இலத்தீன் அகராதிகளும் சேரும். வருமானச் சான்றான இசே எடுத்து வைத்தால் நூல் உதவித்தொகை கேட்கலாம். அதே இசே பின்னால் பல்கலைக்கழகக் கட்டண விலக்குக்கும் வேண்டும்.

லிச்செயோக்களுக்குள்ளும் கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது. அறிவியல் லிச்செயோவின் வழக்கமான பிரிவில் ஐந்தாண்டும் இலத்தீன் உண்டு. 'பயன்பாட்டு அறிவியல்' பிரிவில் இலத்தீனுக்குப் பதில் கணினியியல். பொறியியலை நோக்கும் பிள்ளைக்கு இது பொருத்தம். செம்மொழி லிச்செயோவைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு பயம் இருக்கிறது, "கிரேக்கம் படிச்சு என்ன செய்ய?" என்று. பலெர்மோவின் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் நீதிபதிகளும் படித்த இடம் அது. வார இறுதியில் தமிழ் இலக்கணத்தில் வேற்றுமை உருபு படித்த பிள்ளைக்கு இலத்தீன் வேற்றுமை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் வீட்டில் மாலை நேரத்தில் அமைதியாகப் படிக்க ஒரு மூலைகூட இல்லாத பிள்ளையை அங்கே அனுப்புவதற்கு முன் அந்த மூலையை ஏற்பாடு செய்ய வேண்டும்.

தொழிற்பள்ளி தாழ்ந்தது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. பியேத்ரோ பியாட்ஸா விடுதிப்பள்ளியில் சமையலும் உபசரிப்பும் முறையாகக் கற்ற தமிழ் இளைஞர், அப்பா பாத்திரம் கழுவிய அதே வகை உணவகத்தில் தலைமைச் சமையற்காரராக நிற்க முடியும். அதைப் பெருமையோடு விரும்பி எடுத்தால் நல்ல முடிவு. வேறு வழி தெரியாமல், ஆலோசனைத் தாளுக்குப் பணிந்து எடுத்தால் மோசமான முடிவு. விருப்பமில்லாமல் போன பிள்ளைதான் நடுவில் நிற்கிறது. சிசிலியில் இது சிறிய ஆபத்து அல்ல. படிப்பை இடையில் விட்ட இளைஞர் விகிதம் 2023இல் நாடு முழுவதும் 10.5 விழுக்காடு, சிசிலியில் 17 விழுக்காட்டுக்கும் மேல்.

இதுவரை சொன்னதெல்லாம் பலெர்மோவில் பிறந்த பிள்ளைக்கு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குடும்ப இணைப்பு விசாவில் வவுனியாவிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வந்திறங்கும் பிள்ளைக்கு நிலைமை வேறு. கனடாவின் மொழியறிஞர் ஜிம் கம்மின்ஸ் காட்டியபடி, அன்றாடப் பேச்சு இரண்டு ஆண்டில் வந்துவிடும். பாடநூலைப் புரிந்து எழுதும் மொழிக்கு ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள் ஆகும். சந்தையில் சிசிலியம் பேசிச் சிரிக்கும் பிள்ளை வரலாற்றுத் தாளில் தோற்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல. சட்டம் இவர்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 394ஆம் குடியரசுத் தலைவர் ஆணையின் 45ஆம் பிரிவு, வதிவிடப் பத்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டின் எந்த நாளிலும், பொதுவாக வயதுக்கேற்ற வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்கிறது. 'மார்ச்சில் வந்தால் இடமில்லை' என்று பள்ளி அலுவலகத்தில் சொன்னால் அந்த எண்ணைச் சொல்லுங்கள். பதினாறைத் தாண்டியவர்களுக்கு நெல்சன் மண்டேலா பெயரிலுள்ள வயதுவந்தோர் கல்வி மையத்தில் நடுநிலைச் சான்று பெறும் வழி உண்டு. பல்கலைக்கழகத்தின் இத்தாஸ்த்ரா மொழிப்பள்ளி சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில் சாந்தந்தோனீனோ மடத்துக் கட்டடத்தில் இயங்குகிறது. சலேசியர்களின் சாந்தா கியாரா நிலையம் அல்பெர்கேரியாப் பிள்ளைகளின் மாலைப் புகலிடம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்து, யாழ்ப்பாணத்தில் ஆங்கிலவழியில் படித்து, பதினைந்து வயதில் வந்திறங்கும் பிள்ளை ஒன்றுக்குத்தான், குடும்பத்தால் செலவு தாங்க முடியுமானால், சர்வதேசப் பள்ளி உண்மையிலேயே பொருந்தும். அப்படிப்பட்ட பிள்ளைகள் மிகச் சிலர்.

ஆங்கிலத்தின் மீதுள்ள இந்த ஏக்கத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. லண்டன். இத்தாலியக் குடியுரிமை கிடைத்ததும் பிள்ளைகளின் படிப்புக்காக இங்கிலாந்துக்குப் பெயர்ந்த வங்காளதேசக் குடும்பங்களைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களும் அப்படிப் போனார்கள். அந்தப் பாதை 2020 டிசம்பர் 31உடன் மூடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் என்ற தகுதியில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் உள்நாட்டுக் கட்டணத்தில் படிக்கும் வாய்ப்பும் 2021-22இலிருந்து புதிதாகப் போவோருக்கு இல்லை. லண்டனை மனத்தில் வைத்துப் பலெர்மோவில் ஆங்கிலப் பள்ளி தேடுவது, இனி ஓடாத பேருந்துக்குக் காத்திருப்பது. ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இத்தாலியின் நாடு தழுவிய இன்வால்ஸித் தேர்வுகளில் இத்தாலிய மொழியிலும் கணிதத்திலும் பின்தங்கும் இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இத்தாலியப் பிள்ளைகளுக்கு நிகராகவோ மேலாகவோ வருகிறார்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் தானாக வந்துகொண்டிருக்கிறது. கவலைப்பட வேண்டியது இத்தாலியத்துக்கு.

பிள்ளையை ஊருக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் யோசனையும் அவ்வப்போது எழும். கொழும்பில் தாத்தா பாட்டியோடு விட்டால் சர்வதேசப் பள்ளியில் மலிவாகப் படிக்கலாம் என்பார்கள். இலங்கையில் 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் புதிய கட்டணப் பள்ளிகளை அரசு அனுமதிக்கவில்லை. இன்றைய சர்வதேசப் பள்ளிகள் நிறுவனச் சட்டத்தின்கீழ் கம்பெனிகளாகப் பதிவானவை. தரம் பள்ளிக்குப் பள்ளி மாறும். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. 1992ஆம் ஆண்டின் 91ஆம் சட்டப்படி, இத்தாலியில் பிறந்து பதினெட்டு வயதுவரை இடைவிடாமல் சட்டப்படி வசித்த பிள்ளை, பதினெட்டு முடிந்து ஓராண்டுக்குள் தன் விருப்பத்தை முறைப்படி அறிவித்து இத்தாலியக் குடியுரிமை பெறலாம். இரண்டு ஆண்டு கொழும்பில் படித்தால் அந்த இடைவிடாமை முறியக்கூடும். குடியுரிமைக்கான பொதுவழியில் உள்ள பத்தாண்டு வதிவிட நிபந்தனையை ஐந்தாகக் குறைக்கக் கோரிய 2025 ஜூன் பொதுவாக்கெடுப்பும் போதிய வாக்காளர் வராமல் தோற்றுவிட்டது. எனவே பிறந்த பிள்ளைக்குரிய வழியைக் கைநழுவ விடக் கூடாது. வதிவிடப் பதிவில் எங்காவது விடுபாடு இருந்தால், 2013இன் சட்டத் திருத்தத்துக்குப் பின், பள்ளிச் சான்றுகளைக் காட்டி நிரூபிக்க முடியும். பழைய அறிக்கை அட்டைகளை எறியாமல் வைத்திருங்கள்.

தமிழ் எங்கே போகும் என்ற கவலைக்கு எந்தப் பள்ளியும் மருந்தாகாது. பிரான்சின் பக்கலோரேயாவில் தமிழை ஒரு மொழித்தாளாக எழுதும் வாய்ப்பு இருந்து வந்திருக்கிறது. இத்தாலிய மத்தூரித்தாவில் இல்லை. ஐ.பி.யில் தாய்மொழி இலக்கியம் படிக்க ஏற்பாடு இருந்தாலும் அதற்கு ஆசிரியர் வேண்டும், அந்தப் பொறுப்பும் குடும்பத்தின் தலையில்தான் விழும். வார இறுதித் தமிழ்ப் பள்ளியும் வீட்டுப் பேச்சுமே இங்கே தமிழைத் தாங்குகின்றன. சர்வதேசப் பள்ளிக்குக் கட்ட நினைத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை அந்தத் தமிழ்ப் பள்ளிக்குக் கொடுத்தால் அது இன்னும் பல பிள்ளைகளுக்கு உதவும் என்பது என் கட்சி.

நவம்பர், டிசம்பர் மாதங்களில் எல்லா மேல்நிலைப் பள்ளிகளும் பெற்றோரை உள்ளே அழைத்துச் சுற்றிக் காட்டும் நாள்களை அறிவிக்கும். வீட்டுக்காரம்மாவிடம் ஒரு பிற்பகல் விடுப்புக் கேட்டுக்கொண்டு, பிள்ளையோடு மூன்று பள்ளிகளாவது போய்ப் பாருங்கள். விண்ணப்பத்துக்கு ஸ்பித் எனும் இணைய அடையாளக் கணக்கு அல்லது மின்னணு அடையாள அட்டை வேண்டும், இல்லாதவர்களுக்குப் பள்ளி அலுவலகமே நிரப்ப உதவும். முதல் விருப்பத்தோடு இன்னும் இரண்டு பள்ளிகளைக் குறிப்பிடலாம், அந்தக் கட்டங்களை வெறுமையாக விடாதீர்கள். சேர்ந்தபின் பிரிவு பொருந்தவில்லை என்றால் முதல் இரண்டு ஆண்டுகளில் வேறு வகைப் பள்ளிக்கு மாறுவது எளிது, அதற்குப் பின் கடினம். ஆசிரியர்களின் ஆலோசனைத் தாள் என்ன சொன்னாலும், விண்ணப்பத்தில் பள்ளியின் பெயரை எழுதும் உரிமை குடும்பத்துக்கு மட்டுமே.